அளவை மாறினால் பொருள் மாறுமா?

வட்டத்தின் சுற்றளவை அதன் விட்டத்தால் வகுத்தால் வரும் ஈவுக்குப் ‘பை’ என்று பெயர். நாணயத்தின் விளிம்பானாலும் ஞாயிற்றின் விளிம்பானாலும் இந்த ஈவு ஒன்றே. பள்ளியில் படித்த காலத்தில் இதனைச் சில கணக்குகளில் 22/7 என்றும், வேறு சில கணக்குகளில் 3.14 என்றும் எழுதினோம். இவ்விரண்டும் ஒன்றே என்று நம்மில் பலர் இன்றும் எண்ணியிருப்பர். இரண்டும் ஒன்றல்ல, இரண்டில் எதுவும் பையும் அல்ல. முன்னது பையைவிடச் சற்று மிகுதி. பின்னது சற்றுக் குறைவு.

இவ்வெண்ணுக்கு ஒரு கிரேக்க எழுத்தைக் குறியாக இட்டவர் வில்லியம் ஜோன்ஸ் என்னும் வேல்சு நாட்டவர், ஆண்டு 1706. நம் முன்னோருக்குப் ‘பை’ என்றால் வேறொன்று நினைவுக்கு வரும். வரவு செலவு ஏட்டில் ‘ரூ. அ. பை’ என மூன்று பத்தி போட்டுக் கணக்கெழுதிய பெரியவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். அந்தப் பை ரூபாயில் 192இல் ஒரு பங்கு. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நயா பைசா புழக்கத்துக்கு வந்ததும் அதன் கணக்கு முடிந்தது. வட்டத்தின் பைக்குரிய கணக்கோ முடிவதே இல்லை. 3.14159265358979... என்று அது போய்க்கொண்டே இருக்கும். இரண்டு முழு எண்களின் விகிதமாக அதனை எழுதவே இயலாது என்று லாம்பர்ட் 1761இல் மெய்ப்பித்தார். முழு எண்களைக் கெழுக்களாகக் கொண்ட எந்தச் சமன்பாட்டுக்கும் அது தீர்வாகாது என்று லிண்டமன் 1882இல் மெய்ப்பித்தார். 2024ஆம் ஆண்டில் கணிப்பொறிகளின் துணையால் 202 லட்சம் கோடி இலக்கங்கள் வரை கணித்துவிட்டார்கள். ஆயினும் முடிவை நோக்கி ஓர் அடியும் நெருங்கவில்லை; நெருங்குவதற்கு முடிவு என ஒன்று இருந்தாலன்றோ!

இங்கே ஒரு வினா எழுகிறது. இந்த முடிவின்மை வட்டத்தின் இயல்பா, பத்து விரல்களால் எண்ணப் பழகிய நம்முடைய இயல்பா? விளையாட்டுப் போலத் தோன்றும் இவ்வினா, பொருளின் தன்மை எது, அப்பொருளை நாம் காணும் முறையின் தன்மை எது என்ற பெரிய வினாவுக்குள் நம்மைக் கொண்டு செல்வதாகும்.

நாம் எழுதும் எண்முறைக்குப் பத்து அடிமானம். ஒன்றுகள் பத்து சேர்ந்தால் அடுத்த இடத்தில் ஒன்று. அவ்வாறு பத்து சேர்ந்தால் அதற்கடுத்த இடத்தில் ஒன்று. பத்து என்பதற்கு வட்டத்திலோ வானத்திலோ எந்தச் சிறப்பும் இல்லை. களத்து மேட்டில் நெல் அளந்த குடும்பத்தாருக்கு இதனை விளக்க வேண்டியதே இல்லை. எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். பதின்மூன்று மரக்கால் நெல்லைக் ‘கலமே மரக்கால்’ என்பார்கள். பன்னிரண்டை அடிமானமாகக் கொண்டு அதனை எழுதினால் 11 என்று வரும். பதின்மூன்று என்றாலும் பதினொன்று போலத் தோன்றும் அந்த 11 என்றாலும், குவியலில் ஒரு நெல்மணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாறியது அளவை மட்டுமே. முகத்தல் கருவியையும் அளவை என்கிறோம். தருக்க நூலார் பிரமாணத்தையும் அளவை என்கிறார்கள். ஒரே சொல் இரண்டுக்கும் அமைந்தது நம் மொழியின் நற்பேறு என்றே தோன்றுகிறது.

இனி, பையைப் பல அளவைகளால் அளந்து பார்ப்போம்.

ஏழை அடிமானமாகக் கொண்டால் நாம் பள்ளியில் படித்த 22/7 வெகு எளிமையாக 3.1 என்று ஆகிவிடும். பை அதே முறையில் 3.0663... என்று தொடங்கும். ஏழின் முறையில் மிகப் பெரிய இலக்கம் 6 ஆதலால், 3.0666... என்று ஆறுகள் இடைவிடாது நீண்டால் அதுவே 3.1. ஆக, பை 22/7ஐத் தொட்டும் தொடாமலும் அதன் கீழே நிற்பது பத்தின் முறையில் தெரிவதைவிட இதில் துலக்கமாகத் தெரிகிறது. இரண்டை அடிமானமாகக் கொண்டால் 11.0010010000111... எனப் பூச்சியமும் ஒன்றும் மட்டுமே வரும். கணிப்பொறிக்குள் பை உறைவது இந்தக் கோலத்தில்தான்.

பதினாறை அடிமானமாகக் கொள்வது நமக்குப் புதிதன்று. பதினாறில் ஒன்றுக்கு வீசம் என்று பெயர். ‘முக்காலே மூன்று வீசம்’ என்றால் பதினாறில் பதினைந்து. ‘ஏறக்குறைய முழுதும்’ என்னும் பொருளில் இன்றும் அதனைப் பேச்சில் கேட்கிறோம். பையை வீசத்தால் அளந்தால், மூன்றுக்குப் பின் 2, 4, 3, 15, 6, 10, 8, 8, 8, 5 என்று இலக்கங்கள் வரும். அதாவது மூன்றும், இரண்டு வீசமும், வீசத்தில் வீசமாக நான்கும், அதிலும் வீசமாக மூன்றும் என்று அது இறங்கிக்கொண்டே போகிறது. இரண்டு வீசம் என்பது அரைக்கால். ஆகவே முதல் இலக்கத்தோடு நிறுத்தினால் பையின் மதிப்பு மூன்றே அரைக்கால். 1936இல் சூசா நகரின் இடிபாடுகளில் கிடைத்த களிமண் பலகை ஒன்றிலிருந்து பாபிலோனியர் கொண்டதாகத் தெரியவரும் மதிப்பும் இதே மூன்றே அரைக்கால்தான். அவர்களோ அறுபதை அடிமானமாகக் கொண்டவர்கள். நம் கடிகாரத்தில் மணிக்கு 60 நிமிடம், நிமிடத்துக்கு 60 நொடி என வைத்துப் போனவர்கள் அவர்களே. அறுபதின் முறையில் பை 3. 8, 29, 44, 0, 47... என்று வரும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி இதனை 3. 8, 30 என்று எழுதினார். அடுத்த இடத்தை அரைகுறையாக விட்டதற்கு இது எவ்வளவோ நல்ல மதிப்பு.

பதினாறின் முறைக்கு வேறொரு வியப்பும் உண்டு. 1995இல் சைமன் புளூஃப் என்பார் கண்டறிந்து, பெய்லி, போர்வைன் ஆகியோருடன் வெளியிட்ட ஒரு வாய்பாடு, பையின் ஆயிரமாவது இலக்கம் வேண்டுமென்றால் முந்திய 999 இலக்கங்களைக் கணிக்காமலே நேராக அதனை எடுத்துத் தரும். ஆனால் பதினாறு போன்ற, இரண்டின் அடுக்குகளை அடிமானமாகக் கொண்ட முறைகளில்தான் இது நடக்கும். இவ்வகை வாய்பாடு பத்தின் முறையில் இதுவரை எவருக்கும் அகப்படவில்லை. ஓர் அளவையில் மூடிக் கிடக்கும் கதவு மற்றோர் அளவையில் திறந்திருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

இவ்வளவு அளவைகளிலும் முடிவில்லாத எண்ணை ஏதேனும் ஓர் அளவையில் முடிவுள்ளதாக்க இயலாதா? இயலும். பையையே அடிமானமாக வைத்துவிட வேண்டியதுதான். எந்த அடிமானமும் தன் முறையில் 10 என்றே எழுதப்படும். ஆகவே பை என்பது 10. பையின் வர்க்கம் 100. விட்டம் 1 உள்ள வட்டத்தின் சுற்றளவு 10. ஆரம் 1 உள்ள வட்டத்தின் பரப்பும் 10. முடிவிலியாக நின்ற எண் இரண்டே இலக்கத்தில் அடங்கிவிட்டது. மாணவர்கள் இதைக் கேட்டால் துள்ளிக் குதிப்பர். ஆனால் கூலி கொடுக்காமல் இந்த வேலை நடக்கவில்லை. 1, 2, 3 என்னும் எண்கள் மட்டும் முன்போலவே நிற்க, 4 என்னும் எளிய எண் 10.220122021... என்று முடிவின்றி நீளத் தொடங்கிவிடுகிறது. பசுவின் கால்களை எண்ணிச் சொல்லவும் முடிவிலா இலக்கங்கள் வேண்டியதாகிறது! ஒரு பொருளை எளிதாகக் காட்டும் பார்வை வேறொரு பொருளை அரிதாக்கிவிடுகிறது.

முழு எண்ணல்லாத அடிமானங்கள் யாவும் இப்படித்தான் என்றும் சொல்லிவிட முடியாது. 1957இல் ஜார்ஜ் பெர்க்மன் என்னும் அமெரிக்கச் சிறுவன் 1.618... என்னும் பொன் விகிதத்தை அடிமானமாக வைத்து ஒரு முறையைக் கணித இதழில் வெளியிட்டான். அடிமானம் முடிவிலா எண்ணாக இருந்தும் அதில் முழு எண்கள் எல்லாம் முடிவுள்ளனவாக அமைகின்றன. 2 என்பது 10.01, 3 என்பது 100.01. கழித்தல் பத்தை அடிமானமாகக் கொண்ட முறையும் உண்டு. அதில் 15ஐ 195 என்றும், கழித்தல் ஏழை 13 என்றும் எழுதலாம். கடனுக்கும் கையிருப்புக்கும் வேறு குறி வேண்டுவதில்லை. கடன்காரருக்கு உகந்த முறை!

இவை வெறும் வேடிக்கையாக முடியாமல் இருக்க, இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 10 என்று ஒரு தாளில் எழுதிக் காட்டி, ‘இது எத்தனை?’ என்று கேட்டால், எந்த அடிமானத்தில் என்று கேளாமல் விடை சொல்ல இயலாது. இரண்டின் முறையில் அது இரண்டு. பதினாறின் முறையில் பதினாறு. பையின் முறையில் பை. அதனால்தான் கணித நூலார் எண்ணின் காலடியில் அடிமானத்தைச் சிறு குறியாக எழுதிவைக்கிறார்கள். நம் ஆசாரியர்கள் ஒவ்வொரு கூற்றுக்கும் முன்னே ‘ஸ்யாத்’ என்னும் சொல்லை வைத்ததும் இதே பணிக்காகத்தான் எனலாம். ‘ஒரு வகையால் உண்டு, ஒரு வகையால் இல்லை’ என்பது தயக்கத்தின் மொழி என்று பிறர் நகைத்ததுண்டு. அது தயக்கமன்று, எந்த அடிமானத்தில் நின்று பேசுகிறோம் என்பதை மறைக்காமல் சொல்லும் நேர்மை. திரவியம் ஒன்றாய் நிற்கப் பரியாயங்கள் மாறுகின்றன என்பதை விளக்கவும் எண்ணின் இந்த வேடங்கள் நல்ல உவமையாகும். உவமை என்ற அளவோடு கொள்க. எண் திரவியம் ஆகாது.

அடிமானம் எது என்று கேளாமல் இலக்கங்களின் பின்னே ஓடுவதால் விளையும் மயக்கம் நம் இல்லங்களிலும் உண்டு. 17ஆம் நாள் பிறந்த பிள்ளைக்கு 1, 7 ஆகிய இலக்கங்களைக் கூட்டினால் 8 வருகிறது, எட்டு ஆகாது என்று பெயரின் எழுத்துகளை மாற்றுவோர் பலர். அதே பதினேழு, எட்டின் முறையில் 21, கூட்டினால் 3. பன்னிரண்டின் முறையில் 15; கூட்டினால் 6. பதினாறின் முறையில் 11, கூட்டினால் 2. மனிதனுக்குக் கைக்கு ஆறு விரல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வந்திராது. உலக மூடம் என்று நம் நூல்கள் விலக்கியவற்றுள் இதற்கும் ஓர் இடம் உண்டு என்றே கருதுகிறோம். பையின் இலக்கங்களில் செய்தி தேடுவோரும் இவ்வாறே. 762ஆவது தசம இடம் தொடங்கி ஆறு ஒன்பதுகள் அடுத்தடுத்து வருகின்றன என்பது உண்மை. அது பத்தின் முறைக்கு மட்டும் உரிய தற்செயல். கார்ல் சேகன் 1985இல் எழுதிய ‘காண்டாக்ட்’ என்னும் நாவலின் இறுதியில், பதினொன்றை அடிமானமாகக் கொண்ட பையின் இலக்கங்களுக்குள் வெகு ஆழத்தில் ஒரு வட்டத்தின் படம் ஒளிந்திருப்பதாகக் கற்பனை செய்தார். கதைக்கு அழகுதான். ஏன் பதினொன்றில் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அக்கேள்வியே நம்மைக் காக்கும்.

வினாவின் முதற்பகுதிக்கு இப்போது ஒருவாறு விடை கூறலாம். இலக்கங்கள் எந்த வரிசையில் வருகின்றன என்பது அளவையின் பாற்பட்டது. பத்து, ஏழு, அறுபது, பொன் விகிதம் போன்ற அடிமானங்கள் எதிலும் அவ்வரிசை முடியாது என்பதோ, லிண்டமன் காட்டியபடி, வட்டத்தின் பாற்பட்டது. முடிவின்மை அறியவொண்ணாமையும் அன்று. பதினான்காம் நூற்றாண்டில் கேரளத்தில் வாழ்ந்த மாதவர், ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்து, இவ்வாறே ஒற்றைப்படை எண்களோடு சென்றால் பையின் நான்கில் ஒரு பங்கை அடையலாம் என்று கண்டார். இந்த விதி எந்த அடிமானத்தையும் சார்ந்ததன்று. முடிவிலா எண்ணுக்கு ஒரு மூச்சில் சொல்லக்கூடிய விதி!

இனி நமக்கு நெருக்கமான இடத்துக்கு வருவோம். கரணானுயோக நூல்களைப் பயின்றோர் அறிவர்: நாவலந்தீவாகிய ஜம்பூத்வீபத்தின் விட்டம் 1,00,000 யோசனை, அதன் சுற்றளவு 3,16,227 யோசனை, 3 குரோசம், 128 தனுசு, 13½ அங்குலம், அதற்கும் சற்று மிகுதி. விட்டத்தின் வர்க்கத்தைப் பத்தால் பெருக்கி வர்க்கமூலம் காண்பது விதி. அதாவது பைக்கு ஈடாகப் பத்தின் வர்க்கமூலமாகிய 3.16227... கொள்ளப்பட்டது. திலோயபண்ணத்தி அங்குலத்துக்கும் கீழே இறங்கி நுண்ணளவுகள் வரை இக்கணக்கைக் கொண்டு செல்கிறது. இன்று கணிப்பொறியில் அதே வர்க்கமூலத்தைக் கண்டு பார்த்தால் அங்குலம் 13க்குச் சற்றுக் குறைவாக வருகிறது. ஒரு யோசனைக்கு 7,68,000 அங்குலம். மூன்று லட்சம் யோசனைக்கு மேற்பட்ட கணக்கில் கைக்கணக்காக அவர்கள் அடைந்த வேறுபாடு ஓர் அங்குலத்துக்கும் குறைவு. அந்தப் பொறுமையை நினைத்தால் கை கூப்பத் தோன்றும்.

ஆயினும் ஒரு லட்சம் யோசனை விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு, பையின்படி, 3,14,159 யோசனையும் சற்று மிகுதியுமே. வேறுபாடு 2,068 யோசனைக்கு மேல். அங்குலம் வரை நுணுகிய கணக்கு யோசனைகளில் விலகி நிற்கிறது.

அறநெறிப் பாடசாலையில் ஒன்றும் அரசுப் பள்ளியில் வேறொன்றும் கேட்டு வரும் பிள்ளை, ‘எது சரி?’ என்று வீட்டில் கேட்பான். அப்போது பெரியோர் சிலர் அநேகாந்தத்தைத் துணைக்கு அழைப்பதுண்டு: ‘அது ஒரு நயம், இது ஒரு நயம், இரண்டும் அவரவர் நோக்கில் சரி’ என்பார்கள். கேட்பதற்கு இனிய இந்த விடை சரியன்று என்பதே நம் துணிபு. எதனால் என்பதை அடிமானங்களே காட்டிவிடுகின்றன. பத்தின் வர்க்கமூலத்தை அடிமானமாகக் கொண்டால் அது 10 என்று எழுதப்படும். பையை அடிமானமாகக் கொண்டால் பையும் 10 என்று எழுதப்படும். எழுத்தில் இரண்டும் ஒன்று போலத் தோன்றும். காலடிக் குறியைப் பார்த்து ஒரே அளவையில் இரண்டையும் வைத்தால் வேடம் கலைந்துவிடும். பத்தின் முறையில் 3.162, 3.141, அறுபதின் முறையில் 3, 9, 44 என்றும் 3, 8, 29 என்றும், இரண்டின் முறையில் 11.00101 என்றும் 11.00100 என்றும் அவை பிரிந்தே நிற்கும். எந்த அடிமானத்தில் அளந்தாலும் அவை ஒன்றாகா. ஒரே எண்ணின் பல கோலங்கள் நயங்களுக்கு உவமையாகும். இரண்டு எண்களை ஒன்றென்பது நயமாகாது. எல்லாக் கூற்றும் சரி என்று சொல்வதற்காக அநேகாந்தம் வந்ததில்லை. நயத்தைப் போன்று தோன்றி நயமல்லாததை நயாபாசம் என்று பிரித்துக்காட்டிய மரபு நம்முடையது.

இதே மயக்கம் அமெரிக்காவில் சட்டமாகவே ஆகவிருந்தது ஒரு நாள். எட்வர்டு குட்வின் என்னும் மருத்துவர் தாம் வட்டத்தைச் சதுரமாக்கிவிட்டதாக நம்பி, 1897இல் இண்டியானா மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவைக் கொண்டுவரச் செய்தார். அதன்படி கணக்கிட்டால் பை 3.2 ஆகும். அம்மாநிலப் பள்ளிகள் தம் கண்டுபிடிப்பைக் காணிக்கை செலுத்தாமல் பயன்படுத்தலாம் என்ற தாராளம் வேறு. கீழவையில் 67 பேர் ஆதரித்தனர். எதிர்த்தவர் ஒருவரும் இல்லை. வேறு பணியாக அங்கு வந்திருந்த வால்டோ என்னும் கணிதப் பேராசிரியர் எடுத்துச் சொன்ன பிறகே மேலவை அதனைக் காலவரையின்றித் தள்ளிவைத்தது. கைகளை உயர்த்துவதால் வட்டம் சுருங்குவதோ விரிவதோ இல்லை. நம் கூட்டங்களில் எழும் ஆரவாரத்துக்கும் இது பொருந்தும்.

அப்படியானால் நம் ஆசாரியர்கள் பொய்யுரைத்தார்களா? இந்தக் கேள்வியைக் கேட்க நாம் அஞ்ச வேண்டியதில்லை. அவர்கள் என்ன சொல்லில் சொன்னார்கள் என்று பார்த்தால் போதும். இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மகாவீராசாரியர் இயற்றிய கணிதசார சங்கிரகம் 1912இல் சென்னையில் ரங்காசாரியரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சாயிற்று. வட்டத்துக்கு அந்நூல் இரண்டு மதிப்புகளைத் தருகிறது: வழக்கில் கொள்ளத்தக்கது 3, நுண்ணியது பத்தின் வர்க்கமூலம். நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தியின் திரிலோகசாரமும் 3ஐத் தூலம் என்றும் வர்க்கமூலத்தைச் சூக்குமம் என்றும் பிரித்தே கூறுகிறது. தூலம், சூக்குமம் ஆகிய சொற்கள்தாம் அங்கே காலடிக் குறி. ‘சற்று மிகுதி’ என்று அங்குலத்தோடு ஒட்டிவரும் சொல்லும் அத்தகையதே. கி.பி. 499இல் ஆரியபட்டர் 3.1416க்கு ஈடான மதிப்பைத் தந்தபோது ‘ஆசன்னம்’, அதாவது அண்மியது, என்ற சொல்லைச் சேர்த்தார். பதினைந்தாம் நூற்றாண்டில் பிறந்த கேரளத்து நீலகண்டர் அச்சொல்லுக்கு உரை எழுதும்போது, விட்டத்தை மிச்சமின்றி அளக்கும் கோல் சுற்றளவில் மிச்சம் வைக்கும் என்றும், கோலை எவ்வளவு சிறிதாக்கினாலும் மிச்சம் சிறிதாகுமேயன்றி இல்லாமற் போகாது என்றும் விளக்கினார். லாம்பர்டின் மெய்ப்பிப்புக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஒருவர் இவ்வாறு தெளிந்து கூறியிருக்கிறார்.

இல்லறத்தார் ஏற்கும் சத்திய அணுவிரதத்தின்படி, விழிப்பின்மையோடு கூடிய பொய்யுரையே குற்றம். வைக்கோற்போரைச் சுற்றிக் கட்டக் கயிறு எவ்வளவு வேண்டும் என்று கேட்பவனுக்கு ‘குறுக்களவைப் போல் மூன்று பங்கும் முடிச்சுக்குக் கொஞ்சமும்’ என்பது பொய்யாகாது. நான்கரை அடி விட்டமுள்ள வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை வெட்டும் கொல்லரிடம் அதையே சொன்னால் பட்டை ஏழரை அங்குலம் குறையும். பத்தின் வர்க்கமூலத்தைச் சொன்னால் ஓர் அங்குலத்துக்கு மேல் மிகும். 22/7ஐச் சொன்னால் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேறுபடாது. கோள்களுக்குக் கலம் செலுத்தும் அமெரிக்க அறிஞர்களுக்கும் பதினைந்து தசம இலக்கங்கள் போதுமானவையாக இருக்கின்றன. எவருக்கும் முழுப் பை தேவைப்படவில்லை. எவரிடமும் முழு இலக்கங்கள் இல்லை. தம்மிடம் இருப்பது முழுமை என்று சொல்லிக்கொள்ளாதவரை அவர்கள் கூற்றில் குற்றமும் இல்லை.

பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய விடைக்கு நம் நூல்களுக்கு வெளியே போக வேண்டியதும் இல்லை. ஷட்கண்டாகமத்துக்குத் தவளா என்னும் பேருரை கண்ட வீரசேனாசாரியர், ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வட்டத்துக்கு வேறொரு விதியை அவ்வுரையில் எடுத்துக்காட்டுகிறார். விட்டத்தைப் பதினாறால் பெருக்கி, பதினாறைக் கூட்டி, 113ஆல் வகுத்து, அதனோடு விட்டத்தின் மும்மடங்கைச் சேர்க்க வேண்டும். நுண்மையினும் நுண்மையானது என்று அவ்விதி தன்னைச் சொல்லிக்கொள்கிறது. நுண்ணியது என்று முன்னோர் வகுத்ததோடு அது நின்றுவிடவில்லை. இடையே கூட்டச் சொல்லும் அந்தப் பதினாறு எதற்கு என்பது அறிஞரிடையே இன்றும் ஆராய்ச்சிக்குரியது. சிறு வட்டங்களில் அது கணக்கைக் கெடுக்கும். விட்டம் ஒன்று என்றால் மூன்றேகாலுக்கு மேல் வந்துவிடும். பெரு வட்டங்களில் அது கரைந்துபோய் 355/113 என்னும் மிகச் சிறந்த மதிப்பு மட்டும் நிற்கும். நாவலந்தீவின் ஒரு லட்சம் யோசனையை அவ்விதியில் இட்டுப் பிள்ளையையே கணக்கிடச் சொல்லலாம். பதினாறு லட்சத்துப் பதினாறை 113ஆல் வகுத்தால் 14,159ம் மிச்சம் 49ம் வரும். மூன்று லட்சத்தைச் சேர்த்தால் 3,14,159 யோசனையும், யோசனையில் 113இல் 49 பங்கும். பையின்படி வரும் சுற்றளவிலிருந்து இது விலகுவது ஒரு குரோசத்துக்கும் குறைவு.